ஐப்பசி மாலைகளுக்கு ஐந்து நிகழ்ச்சிகள்

உள்ளறையிலிருந்து ‘பட்’டென்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். மழை ஓய்ந்து, சன்ஷேடிலிருந்து சொட்டுவது மட்டும் பாக்கியிருந்த ஏழு மணி இருட்டில், அந்தச் சத்தத்துக்குப் பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. வின்சியா எழுதிக்கொண்டிருந்த வரியிலேயே பேனாவை நிறுத்தினாள். ‘பரதநாட்டியம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களும் தைரியமாகப் போகலாம்’ என்பதில் ‘தைரியமாக’ வரைக்கும் வந்திருந்தது. பல்லியாக இருக்கும். பல்லி விழுந்தால் இப்படிக் கேட்காது, சொத்தென்று கேட்கும். ஜன்னலா? மதியமே கொக்கி போட்டாயிற்று. கீழ்வீட்டு டிவியா? கீழே சுலோச்சனா அக்கா வீட்டில் ஏழு மணி சீரியல், இன்றைக்கு ஒன்றரை மணி நேரச் சிறப்புப் பகுதி, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, யாரோ ஒரு ஆம்பளை யாரையோ வீட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறான், தினமும் கத்துகிறான், அவர்களும் தினமும் போகாமல் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சத்தம் கீழேயிருந்து வரவில்லை. உள்ளறையில் இருப்பது பதினொரு மாதக் குழந்தை யாழி மட்டும், கொசுவலைக்குள். விழுந்திருந்தால் அழுதிருப்பாள். அழவில்லை. காதைத் தீட்டிக் கேட்டதில் தனக்குத்தானே ஏதோ மொணமொணப்பது கேட்டது. சரி, நன்றாகத்தான் இருக்கிறாள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று வின்சியாவுக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். கால் எழவில்லை. கொஞ்ச நாளாக இப்படித்தான் ஆகிறது. தலை ஒரு அறையில், உடம்பு இன்னொரு அறையில், நடுவில் யாரோ லைட்டை அணைத்துவிட்டுப் போன நீளமான வராந்தா. ‘போகலாம்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

ஐந்து எழுத வேண்டும். வார இதழின் நகரப் பக்கத்தில் அவளுக்கு மாதம் ஒரு முறை அரைப் பக்கம். மாலையில் ஆறு மணிக்கு மேல் சென்னையில் எங்கே போய் உட்காரலாம், என்ன நாடகம், என்ன நடனம், ஐந்தே ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது வார்த்தை. ஐப்பசிப் பட்டியல் கொஞ்சம் தனி. டிசம்பர் கூட்டம் இன்னும் வரவில்லை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வரவில்லை, மழைக்குப் பயந்து பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், ஆகவே ஆடுகிறவர்கள் முப்பது பேருக்கு ஆடுகிறார்கள், முப்பது பேருக்கு ஆடும்போதுதான் நன்றாக ஆடுகிறார்கள். இதை அவள் முன்னுரையில் எழுதிவிட்டாள். முதலாவது, மயிலாப்பூரில் வெள்ளிக்கிழமை ஒரு வர்ணம், நாற்பதாவது நிமிஷத்தில் காப்பி குடிக்க எழுந்து போய்விடாதீர்கள். இரண்டாவது, எழும்பூரில் இரவுக் கூத்தை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடுகிறார்கள், முன்வரிசையில் உட்காராதீர்கள், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு உங்கள் சட்டை பிடிக்காமல் போகலாம். மூன்றாவது, தியாகராய நகர் சபாவில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு சம்பந்திகளின் கதை, மூன்றாவது மணி அடித்த பிறகும் செல்போன் பேசுகிறவர்களோடு சேர்ந்து பார்த்தால்தான் ருசி. நான்காவது, பெசன்ட் நகரில் ஒரு மொட்டைமாடியில் நாற்பது பேர் மட்டும் பார்க்கும் புது நடனம், மழை வந்தால் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிடுவார்கள், குடையோடு போங்கள். எழுத்து குண்டு குண்டாக, கோட்டைவிட்டு இறங்காமல், இடப்பக்கம் ஒரு அங்குல மார்ஜின் விட்டு நின்றது. தூத்துக்குடி கான்வென்ட்டில் பழக்கினது. கை நடுங்கினாலும் எழுத்து நடுங்கக் கூடாது என்பார் சிஸ்டர் இம்மாகுலேட், கை ஏன் நடுங்குகிறது என்று கேட்க மாட்டார். இந்த நான்கில் எதற்கும் அவள் போகப்போவதில்லை. யாழி வயிற்றில் ஏழாம் மாதமாக இருந்தபோது கடைசியாக ஒரு அரங்கத்துக்குள் போனது. ஆனாலும் எந்தச் சபாவில் எந்த நாற்காலி ஆடும், எங்கே உட்கார்ந்தால் ஃபேன் காற்று வரும், எங்கே தபேலா மட்டும் கேட்கும் என்று இன்னும் தெரியும். இந்நேரம் ஊரில் பத்து இடத்தில் விளக்கு அணைந்துகொண்டிருக்கும். அணைந்த பிறகு ஒரு செருமல் வரும், பிறகு ஒரு வளையல் சத்தம், பிறகு திரை. அதை நினைத்தால் முன்பெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காரும். இப்போது நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் எழவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கால் ஈறைத் தொடுகிற மாதிரி, இருக்கிறது, ஆனால் யாருடையதோ.

எழுதிய நான்கையும் போனில் படமெடுத்து இதழுக்கு அனுப்பிவிட்டாள். ஐந்தாவது இடம் காலியாக இருந்தது. காலி என்றும் சொல்ல முடியாது, அது யாருக்கென்று காலையிலேயே முடிவாகிவிட்டது. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே இளம்பரிதி சொன்னான், “என் நாடகத்தைக் கடைசியில சொருகாத வின்ஸ். முதல்ல போடு. அப்புறம், அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு.” அவள் தலையாட்டினாள். இளம்பரிதி அவள் கணவன். பதினாறு பேர் உள்ள ஒரு நாடகக் குழுவின் இயக்குநர். அந்தக் குழுவில் ஒரு காலத்தில் பதினேழாவது ஆள் அவள். அடுத்த சனிக்கிழமை அவனுடைய ‘ஈரச்சுவர்’ மேடையேறுகிறது. ஐம்பது வார்த்தை. ‘நகரத்தில் ஒரு வாடகை வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி’ என்று ஆரம்பித்தாள், அடித்தாள். ‘சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கும்’ என்று எழுதினாள், அடித்தாள். அந்த நாடகத்தில் ஒரு அடி இருக்கிறது. மேடையில் அடிப்பதற்கு ஒரு முறை உண்டு, குழுவில் சேர்ந்த முதல் மாதமே பரிதி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. அடிப்பவன் கை முகத்துக்கு நாலு விரல் முன்னால் காற்றில் போய்விடும். வாங்குகிறவள் அதே நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மார்புக்குக் கீழே, பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல், தன் கையைத் தானே தட்ட வேண்டும். “அடிக்கிறவனுக்கு ஒரு வேலையும் இல்ல,” என்பான், “அடி வாங்கறவதான் சத்தம் குடுக்கணும். சத்தம் லேட்டானா சிரிப்பாயிடும்.” அவளுக்கு ஒருநாளும் லேட்டானதில்லை. இருநூறு காட்சி ஆடியிருப்பாள். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவில் நாலு பேர் இதே ஹாலில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது, ‘ஈரச்சுவர்’ இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கிறது பரிதி என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து வந்து அறைந்தான். கை நாலு விரல் முன்னால் போகவில்லை, முகத்திலேயே வந்தது. ஆனால் அவள் கைகள் அவளைக் கேட்கவில்லை. முகம் தானாகத் திரும்பிற்று, மார்புக்குக் கீழே கைகள் தானாகத் தட்டிக்கொண்டன. பட். பிறகு குணா, வாயில் சோற்றோடு, “அடேங்கப்பா, வின்சிக்கு டைமிங் இன்னும் போகலடா!” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பரிதி ஒரு கணம் அவளைப் பார்த்தான், பிறகு இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தான். அவளும் சிரித்தாள். அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை, நன்றாகவே சிரித்தாள், யாரோ தயிர்ப்பச்சடி கேட்டார்கள், எடுத்துக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நாலு தடவை. நாலா, ஐந்தா. கான்வென்ட்டில் படுக்கப் போகும் முன் அன்றைக்குச் செய்த தப்புகளைத் தலைப்புப் போட்டு யோசிக்கச் சொல்வார்கள், நினைத்தது, சொன்னது, செய்தது, செய்யாமல் விட்டது. அவள் படுத்துக்கொண்டு பரிதியின் தப்பை யோசிக்க ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் தன் தப்பில் போய் நிற்பாள். அடி விழுந்ததை விட்டுவிட்டுக் கை தட்டியதையே மனசு பிடித்துக்கொண்டு சுற்றியது. ஏன் தட்டினேன். தட்டாமல் இருந்திருந்தால் குணா சிரித்திருக்க மாட்டான். சிரிக்காமல் இருந்தால் என்ன செய்திருப்பான், ஒன்றும் செய்திருக்க மாட்டான், பிரியாணியை மூடி வைத்துவிட்டுப் போயிருப்பான். அடுத்த தடவை தட்டக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள், கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வாள், ஆனால் அவன் குரல் அந்த ஒரு உயரத்துக்கு ஏறியதுமே உடம்பு ஒத்திகைக்குத் தயாராகிவிடும். சத்தம் அவளுடையதாக இருந்ததால் அடியும் அவளுடையதுதானோ என்று கூட ஒரு நாள் தோன்றிற்று. கண்ணாடியில் பார்த்தாள், கன்னம் சிவந்திருந்தது, விரல் வைத்தால் வலித்தது, சரி, அடிதான். அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா, “ஏட்டி, பிள்ளை பாக்கும்படியா வச்சுக்கிடாதீங்க,” என்றாள். ஏதோ இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் மாதிரி. புரட்டாசியில் பரிதி அந்த அடியை நாடகத்தில் வைத்தான். இப்போது கை தட்டுவதை மறைப்பதில்லை, மனைவி எல்லோருக்கும் தெரிய, கையை நீட்டி, தானே தட்டிவிட்டு, முன்வரிசையைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த வேஷத்துக்கு வந்த புது நடிகை சௌபர்ணிகாவுக்கு ஒரு வாரம் பழக்கினானாம். “அந்த இடத்துல ஜனங்க எழுந்து நிப்பாங்க பாரு,” என்றான் சாப்பிடும்போது. “அது உன்னோட டச்தான் வின்ஸ். பேர் போட முடியாது, ஆனா உனக்குத் தெரியும்ல.” அவள் இன்னொரு தோசை வைத்தாள். இப்போது ஐம்பது வார்த்தையில் அதைப் பரிந்துரைக்க வேண்டும். மாலை வேளையில் குடும்பத்தோடு போய் வாருங்கள்.

போன் அடித்தது. இதழின் ஆசிரியர் தங்கமலர் மேடம். “என்னம்மா, பக்கம் காத்துக்கிட்டிருக்கு. நாலு வந்துருச்சு, அஞ்சாவதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?” “இதோ மேடம், எழுதிட்டேயிருக்கேன்.” “உன் வீட்டுக்காரர் நாடகம்தானே? போடு, எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. நல்லா இருந்தா போடு. ஊருக்கே தெரியும் நீங்க யாருன்னு, அதனால ஒரு வார்த்தை கூடுதலாப் போட்டாலும் பல்லை இளிக்கும், குறைச்சுப் போட்டாலும் சண்டைன்னு பேசுவாங்க.” மேடம் சிரித்தார். “என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஜலதோஷமா?” ஆமாம் என்றாள் வின்சியா. “இந்த மழைக்கு எல்லாருக்கும்தான். மிளகு போட்டு ரசம் வை. எட்டே முக்காலுக்குள்ள அனுப்பிடு, கண்ணு.” கண்ணு என்ற வார்த்தை எங்கேயோ போய்த் தட்டிற்று. சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது, மேடம், என் கைகள் சத்தம் போடுகின்றன என்றா. கீழே சீரியலில் விளம்பர இடைவேளை வந்து, சோப்புத்தூள் பாட்டு முடிந்து, மறுபடி கதை வந்தது. மணி எட்டு ஐந்து. போன் வெளிச்சமாகி ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது, பரிதி. வைத்துவிட்டுப் பிறகு கேட்கலாம், பிறகு கேட்டால் ஏன் உடனே கேட்கவில்லை என்பான். அழுத்தினாள். ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, அவன் ஒத்திகைக் கூடத்திலிருந்து ஹாலுக்குள் வந்துவிட்ட மாதிரி வீடு முழுக்கப் பேசினான். “ஏய் வின்ஸ்! லிஸ்ட் போயிடுச்சா? காட்டாம அனுப்பாதேன்னு சொன்னேன்ல? முதல்ல வரணும், புரியுதா? ஒன்பதுக்குள்ள வந்துடறேன். ஏய், கேக்குதா!” உள்ளறையிலிருந்து, ‘கேக்குதா’வின் கடைசி எழுத்து முடியும் முன்னால், பட்.

இப்போது கால்கள் எழுந்தன. வராந்தா எதுவும் இல்லை, ஆறு எட்டு வைக்கிற தூரம்தான். ஜீரோ வாட் பல்பின் நீல வெளிச்சத்தில் கொசுவலைக்குள் யாழி உட்கார்ந்திருந்தாள். முகத்தை இடப்பக்கம் தோளை ஒட்டித் திருப்பி வைத்திருந்தாள். மார்புக்குக் கீழே இரண்டு உள்ளங்கையும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அழவில்லை. எதையோ எதிர்பார்த்து அப்படியே இருந்தாள், கண்ணை மட்டும் இறுக்கியிருந்தாள். வின்சியா வலையைத் தூக்காமல் நின்றாள். குழந்தை கை தட்டுகிறது. எல்லாக் குழந்தையும் தட்டும், ஒன்பது மாதத்தில் தட்டும், சாய்ந்தாடும், அதற்கெல்லாம் படம் எடுத்து அனுப்புவார்கள். யாழிக்கு யாரும் தட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே அந்த ஆம்பளை மறுபடி கத்த ஆரம்பித்தான், ‘என் வீட்டுல’ என்று, தரை வழியாக மேலே வரும்போது வார்த்தை போய்க் குரலின் உயரம் மட்டும் வந்து சேர்ந்தது, யாழியின் தோள் லேசாகச் சுருங்கிற்று. ஏழு மணிக்குக் கேட்ட சத்தமும் இதுதான். இன்னும் எத்தனை சாயங்காலம் கேட்டதோ, குக்கர் என்றும் ஜன்னல் என்றும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். செய்யக் கூடாது என்று தெரிந்தே வின்சியா ஒன்று செய்தாள். வாயைத் திறந்தாள். அடி வயிற்றிலிருந்து, பரிதி கற்றுக்கொடுத்தபடி, பரிதியின் குரலில், மெதுவாகத்தான், “ஏய்,” என்றாள். முகம் திரும்பிற்று. கை தட்டிற்று. பட். ஒரு நொடி பிந்தவில்லை, முந்தவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். பிறகு குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, முடிந்துவிட்டதா என்று பார்த்தது. அந்த மாதிரி ஒரு கண்ணை வின்சியா எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வலையைத் தூக்கி யாழியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், சின்ன உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து சூடாக இருந்தன, ஒவ்வொன்றாக வாங்கித் தன் கழுத்தில் ஒட்டிக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது அவள் கழுத்துதான்.

ஹாலுக்கு வந்து குழந்தையோடே உட்கார்ந்தாள். இதழுக்கு வந்த அழைப்பிதழ்களில் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டிருந்த மஞ்சள் அட்டை ஒன்றை ஒரு கையால் தேடி எடுத்தாள். எட்டு இருபது. எழுதினாள், இந்த முறை காகிதத்தில் எழுதாமல் நேராகப் போனிலேயே, ஒற்றைக் கட்டைவிரலால். ‘ஐந்தாவது: பொம்மலாட்டம். ஞாயிறு மாலை ஆறரை, கோடம்பாக்கம் பள்ளி வளாகம். ஒரு அப்பா, இரண்டு மகன்கள், எட்டுப் பொம்மைகள். விளக்கை முழுதும் அணைக்க மாட்டார்கள் என்பதால் கைக்குழந்தைகளைக் கொண்டுபோகலாம். குழந்தை அழுதால் ராஜா பொம்மையே நிறுத்திவிட்டு என்னவென்று கேட்கும். ஆட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் நூல்களைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள்.’ எண்ணிப் பார்க்கவில்லை, ஐம்பதுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. மேடத்திடமிருந்து உடனே, ‘அழகு. உன் வீட்டுக்காரரோடது?’ ‘அது வேண்டாம் மேடம்,’ என்று அடித்தாள். கொஞ்சம் இருந்து, ‘நான் அதைப் பரிந்துரைக்கவில்லை,’ என்றும் அடித்தாள். அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தாள். இலக்கணமாக, கோட்டைவிட்டு இறங்காமல் இருந்தது. மேடத்திடமிருந்து ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, ‘நாளைக் காலையில் உன்னைப் பார்க்க வருகிறேன், வீட்டில் இரு’ என்று விழுந்தது. இருக்கிறேன் என்றாள். பயம் வந்தது, வருவது தெரிந்தது, மழைத்தண்ணீர் தெருவில் ஏறுகிற மாதிரி அவசரமில்லாமல், முதல் படி, இரண்டாம் படி. காட்டாமல் அனுப்பிவிட்டேன். முதலாவதும் இல்லை, ஐந்தாவதும் இல்லை, இல்லவே இல்லை. வியாழக்கிழமை இதழ் வரும், குணா வாங்குவான், சௌபர்ணிகா வாங்குவாள். பரிதி இன்றைக்கே கேட்பான். ‘காட்டு’ என்பான், குரல் ஏறும், ஏறும்போது இடுப்பில் இருப்பது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்குமேல் நினைப்பு போகவில்லை, அங்கேயே ரிக்கார்டு மாட்டிக்கொண்ட மாதிரி நின்று நின்று தேய்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எட்டு நாற்பதுக்குக் கீழே கேட் திறந்தது. பைக்கை ஸ்டாண்டு போடும் சத்தம், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டும் சத்தம். சுலோச்சனா அக்கா வாசலுக்கு வந்திருப்பாள் போல, டிவி சத்தம் திடீரென்று பெரிதாகிக் குறைந்தது. “என்ன தம்பி, நனைஞ்சுட்டீங்களா?” “லேசாத்தான்க்கா. சீரியல் முடிஞ்சுதா?” “இப்பத்தான். ரெண்டு நாளா மாடியில உங்க ஒத்திகைச் சத்தமே காணோமே? அன்னிக்கு அடிச்ச அடி இருக்கே, எங்க வீட்டுக்காரர் டிவியை நிறுத்திட்டுக் கேட்டாரு, அவ்வளவு தத்ரூபம்.” பரிதி சிரித்தான், நல்ல சிரிப்பு அவனுக்கு, எல்லோருக்கும் பிடிக்கும். “இனிமேதான்க்கா, இருக்கு இன்னிக்கு,” என்றான். செருப்பு படியேறத் தொடங்கிற்று. வின்சியா எழுந்திருப்பதை வின்சியா பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனால் அந்தப் பூட்டுக்கு அவனிடம் ஒரு சாவி உண்டு, அதற்கு மேலே, தலை உயரத்தில், வீட்டுக்காரர் வைத்த பழைய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. குடி வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. இழுத்தாள், பாதி தூரம் வந்து நின்றது. மழைக்கு மரம் ஊறி உப்பியிருந்தது, துளைக்கும் தாழுக்கும் ஒரு நூல் இடைவெளி. முதல் வளைவு தாண்டிவிட்டான், விசில் அடித்துக்கொண்டு வருகிறான். யாழியை இடப்பக்கம் மாற்றி, வலது தோளால் கதவை அழுத்தினாள். நகரவில்லை. உடம்பு முழுவதையும் வைத்து அழுத்தினாள், இருநூறு காட்சி ஆடின உடம்பு, குழந்தை பெற்ற உடம்பு, கொஞ்ச நாளாக வேறு அறையில் இருந்த உடம்பு. கதவு முனகி ஒரு நூல் நிலைக்குள் போயிற்று. யாழி அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்குள் சாவி நுழைந்து ஒரு சுற்றுத் திரும்பியது, வின்சியா தாழ்ப்பாளை முழுதாகத் துளைக்குள் தள்ளினாள்.